பாக்கிக் கடிதமும் கதவு எண்ணும்

மயிலாப்பூர், தி. நகர், அடையாறு பகுதிகளில் மாதக் கணக்கு வைத்துச் சாமான் வாங்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. நூறு குடும்பத்துக்குப் பாக்கிக் கடிதம் எழுதினால் அதில் மாறுவது பெயர், முகவரி, தொகை மட்டுமே.

இதைக் கம்ப்யூட்டரிடம் விடலாம். 1980களில் வேர்ட்ஸ்டார் காலத்திலேயே ‘மெயில்மெர்ஜ்’ என்ற பெயரில் இந்த வசதி இருந்தது. கடித வாசகம் ஒரு கோப்பில், மாறும் இடங்களில் ஓர் அடையாளக் குறியோடு இருக்கும். வாடிக்கையாளர் பட்டியல் இன்னொரு கோப்பில், ஆளுக்கு ஒரு வரி. பத்துப் பதினைந்து வரியில் எழுதிய நிரல் பட்டியலைப் படித்து, குறி உள்ள இடத்தில் விவரத்தை இட்டு, கடிதங்களைத் தயாரித்துவிடும். கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் ஒரு மாலையில் எழுதித் தருவார்.

நிரலைவிட நம் ஊர் முகவரிதான் தொல்லை. சென்னையில் பல வீடுகளுக்குப் புது எண், பழைய எண் என இரண்டு உண்டு. ‘3/12’ என்று எக்செலில் அடித்தால், அது தேதி என்று நினைத்து டிசம்பர் 3 ஆக்கிவிடும். அமைப்பைப் பொறுத்து மார்ச் 12 ஆகவும் ஆகலாம். அடிப்பதற்கு முன்பே அந்தப் பத்தியை ‘டெக்ஸ்ட்’ என்று அமைத்துக்கொள்ள வேண்டும். பிறகு மாற்றினால் கதவு எண் திரும்ப வராது.

அடுத்து காற்புள்ளி. சி.எஸ்.வி. கோப்பில் விவரங்களைப் பிரிப்பதே காற்புள்ளிதான். மேற்கோள் குறிக்குள் அடைக்காமல் ‘1,250’ என்று கையால் அடித்தால், 1,250 ரூபாய் பாக்கி ஒரு ரூபாயாகிவிடும்! தொகையைக் காற்புள்ளி இல்லாமலே அடித்துவிடுங்கள்.

இவற்றையாவது கடிதத்தைப் பார்த்ததும் கண்டுபிடிக்கலாம். பெயர்ப் பத்தியை மட்டும் அகரவரிசைப்படுத்தி, தொகைப் பத்தியை அப்படியே விட்டால்தான் ஆபத்து. ஒருவர் பாக்கி இன்னொருவர் தலையில் விழும். கடிதம் பார்வைக்குச் சரியாக இருக்கும், மொத்தக் கூட்டுத்தொகையும் பேரேட்டோடு ஒத்துப்போகும். இருபது வருட வாடிக்கையாளர் முகம் சிவந்து வந்து நிற்கும்போதுதான் விஷயம் தெரியும். ஆகவே ஒவ்வொரு வரியிலும் பேரேட்டுப் பக்க எண்ணையும் சேர்த்து, கடிதத்திலும் அச்சிடுங்கள். அனுப்புமுன் பத்துக் கடிதத்தைப் பேரேட்டோடு நேர் பாருங்கள். முன்பணம் கொடுத்திருப்பவருக்கு ‘பாக்கி ரூ. -300’ என்று போய்விடாமல், அவர்களுக்குத் தனி வாசகம் வைப்பது நல்லது.

கடிதத்துக்குப் பதில் மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்ப நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2021 முதல் அத்தகைய வணிகச் செய்தியின் வாசகத்தை, மாறும் இடங்களைக் குறித்து, முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். பதிந்த வாசகத்தோடு பொருந்தாத செய்தி வாடிக்கையாளருக்குப் போய்ச் சேராது.