பெருங்கணிப்பொறியில் தடைபட்ட வேலை: காரணம் கண்டறியும் முறையும் கட்டளைத் தொடர் எழுதும் முறையும்

வங்கிகள், இன்ஷூரன்ஸ் ஸ்தாபனங்கள், அரசாங்க இலாகாக்கள் முதலியவை தம் பேரளவுக் கணக்குகளை வைத்துக்கொள்வதற்கு மெயின்பிரேம் எனப்படும் பெருங்கணிப்பொறிகளை உபயோகித்து வருகின்றன. பகற்பொழுதில் பல்லாயிரம் பேருடைய கொடுக்கல் வாங்கல்களை இவை உடனுக்குடன் ஏற்றுக்கொள்கின்றன. இரவில், அன்றைய வரவு செலவுகளைத் திரட்டி, வட்டி கணக்கிட்டு, சம்பளத் தொகைகளை உரிய கணக்குகளில் சேர்க்கின்றன. இந்த இரவு வேலை இடையில் நின்றுபோனால் மறுநாள் காலையில் சம்பளம் வந்து சேராது. கணக்கில் உள்ள இருப்பும் சரியாகத் தெரியாது. ஆகவே, நின்ற வேலையை மீண்டும் ஓட்டும் பொறுப்புடைய நிர்வாகி, பொறி கூறும் குறிப்புகளைப் பிழையின்றிப் படிக்கக் கற்றிருத்தல் அவசியம். அம்முறையின் அடிப்படைகள் இங்கு விளக்கப்படுகின்றன.

வேலையும் படிகளும்

இன்றைய பெருங்கணிப்பொறிகளுள் முக்கியமான வகை, ஐ.பி.எம். கம்பெனி 1964ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் தேதி அறிவித்த 'ஸிஸ்டம் 360' என்னும் குடும்பத்தின் வழித்தோன்றலாகும். அக்குடும்பத்தின் சிறிய பொறிக்கு எழுதிய புரோகிராம் பெரிய பொறியிலும் ஓடக்கூடியதாக அமைக்கப்பட்டது; அக்காலத்தில் இது ஒரு புதுமை. அடுத்த தலைமுறையான 370 வரிசையைச் சேர்ந்த பொறி ஒன்று 1973ஆம் ஆண்டில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் நிறுவப்பட்டது. 'இஸட்' என்னும் எழுத்தால் குறிக்கப்படும் இன்றைய வரிசையும் அதே மரபைச் சேர்ந்ததே.

இப்பொறியிடம் ஒப்படைக்கும் காரியத்திற்கு 'வேலை' என்று பெயர். ஒரு வேலை பல 'படி'களாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு படியிலும் ஒரு புரோகிராம் ஓடும். எந்தப் புரோகிராம், எந்தக் கோப்புகளைக் கொண்டு ஓட வேண்டும் என்பதை ஜே.சி.எல். எனப்படும் வேலைக் கட்டுப்பாட்டு மொழியில் எழுதித் தருவார்கள். இதில் மூன்று வாக்கியங்கள் பிரதானமானவை. வேலைக்குப் பெயர் சூட்டுவது 'ஜாப்'. புரோகிராமை ஏவுவது 'எக்ஸெக்'. கோப்பைச் சுட்டுவது 'டி.டி.'. ஒவ்வொரு வாக்கியமும் // என்ற இரு கோடுகளுடன் தொடங்கும். 80 பத்திகள் கொண்ட துளை அட்டைகளில் கட்டளைகள் எழுதப்பட்ட காலத்தில் இம்மொழி பிறந்தது. அட்டைகள் மறைந்து வெகுகாலமாயினும், 71ஆம் பத்தியைத் தாண்டி வாக்கியத்தை எழுதலாகாது என்ற விதி இன்றும் நிலைத்திருக்கிறது. பார்வைக்குச் சரியாகத் தோன்றும் வாக்கியத்தைப் பொறி ஏற்க மறுக்கும்போது, முதலில் பத்திகளை எண்ணிப் பார்ப்பது நலம்.

முடிவுக் குறியெண்

ஒரு படி முடிந்ததும் அது ஒரு குறியெண்ணை விட்டுச் செல்லும். 0 என்றால் குறையில்லை; 4 என்றால் எச்சரிக்கை; 8 என்றால் பிழை; 12, 16 ஆகியவை கடும் பிழைகள். இவை நான்கின் மடங்குகளாக அமைந்ததற்குக் காரணம் உண்டு. பொறியின் கிளைக் கட்டளை ஒன்றின் நீளம் நான்கு பைட்டு. எனவே குறியெண்ணை அப்படியே கட்டளை அட்டவணையின் தொலைவாகக் கொண்டு, உரிய இடத்திற்குத் தாவ முடிந்தது. ஆயினும் இவ்வெண்கள் மரபே அன்றிச் சட்டமல்ல. ஒரு புரோகிராமில் 4 என்பது சாதாரண நிகழ்ச்சியாக இருக்கலாம். மற்றொன்றில் அதுவே பாதிப் பதிவுகள் விடுபட்டன என்று பொருள்படலாம். ஒவ்வொரு படிக்கும் எந்த எண் வரை ஏற்கத்தக்கது என்பதை முன்கூட்டியே எழுதி வைத்திருத்தல் வேண்டும்.

குறியெண்ணின் முக்கியத்துவத்தை விளக்க ஐ.இ.எஃப்.பி.ஆர். 14 என்ற புரோகிராமின் வரலாறு ஏற்றது. இப்புரோகிராம் எதையும் செய்வதில்லை. கோப்புகளை ஆக்குவதும் அழிப்பதும் டி.டி. வாக்கியங்களாலேயே நடைபெறுவதால், பெயரளவிற்கு ஒரு புரோகிராம் தேவைப்பட்டது. முதலில் இதில் இருந்தது ஒரே ஒரு கட்டளை. ஏவிய இடத்திற்குத் திரும்பிச் செல்க என்பதே அது. ஆனால் முடிவுக் குறியெண் 15ஆம் ரிஜிஸ்டரில் வைக்கப்படுவது. அதனை இப்புரோகிராம் பூஜ்யமாக்காததால், அங்கு ஏற்கெனவே கிடந்த ஏதோ ஓர் எண் குறியெண்ணாகக் கொள்ளப்பட்டது. ஒன்றுமே செய்யாத புரோகிராம் தோல்வியுற்றதாகத் தோன்றியது! பின்னர், ரிஜிஸ்டரைப் பூஜ்யமாக்கும் இரண்டாம் கட்டளை சேர்க்கப்பட்டது.

முந்திய படியின் குறியெண்ணைப் பொறுத்து அடுத்த படியை நிறுத்துவதற்கு 'காண்ட்' என்னும் விதி உண்டு. இதன் பொருள் வழக்கமான எண்ணப் போக்கிற்கு நேர்மாறானது. நிபந்தனை உண்மையானால் படி ஓடும் என்று பலர் நினைத்துவிடுகின்றனர்; உண்மையில் நிபந்தனை உண்மையானால் படி தவிர்க்கப்படும். '4, குறைவு' என்று எழுதினால், முந்திய குறியெண்ணைவிட 4 குறைவாக இருக்குமானால் இப்படியை ஓட்டாதே என்று பொருள். பின்னர் வந்த 'இஃப், தென், எல்ஸ்' வாக்கியங்கள் நேர்ப்பொருள் தருவன. புதிதாக எழுதுவோர் இவற்றையே கையாளுதல் நன்று.

முறிவுக் குறியீடுகள்

படி இயல்பாக முடியாமல் முறிந்தால் அதற்கு 'அபெண்ட்' என்று பெயர். 'எஸ்' என்ற எழுத்துடன் தொடங்கும் குறியீட்டைப் பொறியின் ஆட்சி முறையும், 'யு' என்ற எழுத்துடன் தொடங்குவதைப் புரோகிராமும் தருகின்றன. அடிக்கடி காணப்படுவன வருமாறு:

எஸ் 806: ஏவிய புரோகிராம் அகப்படவில்லை. பெயரின் எழுத்துகளையும், அது இருக்கும் நூலகம் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

எஸ் 913: கோப்பைத் திறக்க அனுமதி இல்லை. யார், எந்தக் கோப்பை, எவ்வகை உரிமையுடன் கேட்டார் என்பதைப் பாதுகாப்பு முறையின் செய்தி தெரிவிக்கும். தேவையான உரிமையை மட்டும் அளிக்க வேண்டும். அவசரத்தில் அகன்ற அனுமதி தரலாகாது.

எஸ் பி37: கோப்பு எழுதுவதற்கு இடம் போதவில்லை. சாதாரண வரிசைக் கோப்பு ஒரு தட்டில் 16 துண்டுகளுக்கு மேல் வளராது. எஸ் டி37 என்றால், முதல் இடம் தீர்ந்தபின் கூடுதல் இடம் கேட்கப்படவே இல்லை என்று பொருள்.

எஸ் 322: ஒதுக்கிய கணக்கீட்டு நேரம் கடந்துவிட்டது.

எஸ் 222: இயக்குபவர் வேலையை ரத்து செய்தார். காரணம் பொறியில் இராது. அவரைத்தான் கேட்க வேண்டும்.

இடமோ நேரமோ போதவில்லை என்ற செய்தி வந்ததும் அதனை இரு மடங்காக்கி மீண்டும் ஓட்டுவது பலரின் வழக்கம். நேற்று போதுமாயிருந்தது இன்று ஏன் போதவில்லை என்ற கேள்விக்கு முதலில் விடை காண வேண்டும். மாத இறுதியில் பதிவுகள் பெருகியிருந்தால் கூடுதல் இடம் நியாயமே. புரோகிராம் ஒரே பதிவைச் சுற்றிச் சுற்றி எழுதிக்கொண்டிருந்தால், எவ்வளவு இடம் தந்தும் பயனில்லை.

வெற்றிடம் பூஜ்யமாகாது

களப் பணியாளர்களுக்கு நேரடித் தொடர்புள்ளது எஸ் 0சி7 என்னும் குறியீடு. எண் இருக்க வேண்டிய இடத்தில் எண் அல்லாதது இருக்கிறது என்பது இதன் பொருள். இப்பொறியில் ஒரு பைட்டுக்கு இரண்டு இலக்கமாக எண்கள் அடக்கி வைக்கப்படும். கடைசி அரைப் பைட்டில் குறி இருக்கும். கூட்டல் 125 என்பது '12 5சி' என அமையும். 'சி' கூட்டற் குறி, 'டி' கழித்தற் குறி. இனி, அந்த இடத்தில் எண்ணே எழுதாமல் வெற்றிடம் விடப்பட்டதாகக் கொள்வோம். இப்பொறியின் எழுத்து முறையில் வெற்றிடத்தின் வடிவம் '40'. ஆகவே அங்கு '40 40' என்று இருக்கும். கடைசி அரைப் பைட்டில் குறிக்குப் பதிலாக 0 இருப்பதால், பொறி கணக்கிட மறுத்து நின்றுவிடுகிறது.

ஒரு படிவத்தில் 'இல்லை' என்பதற்குப் பூஜ்யம் எழுதாமல் கட்டத்தைக் காலியாக விட்டால், அந்த வெற்றிடம் சோதனையின்றிப் பொறிக்குள் சென்று, பல லட்சம் பதிவுகள் கொண்ட வேலையை நடு இரவில் நிறுத்திவிடக்கூடும். எஸ் 0சி7 கண்ட நிர்வாகி, எந்தப் பதிவில் முறிவு நேர்ந்தது என்று கண்டு, அப்பதிவு எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்று பின்னோக்கித் தேட வேண்டும். அந்த ஒரு பதிவை நீக்கிவிட்டு ஓட்டினால் வேலை முடியலாம்; ஆனால் யாரோ ஒருவருடைய கணக்கு விடுபட்டுப்போகும்.

முதற் செய்தியைத் தேடுக

வேலை நின்றதும் நூற்றுக்கணக்கான செய்திகள் பதிவாகியிருக்கும். கடைசிச் செய்தியைப் பார்த்து முடிவு செய்வது தவறு. பெரும்பாலும் அது விளைவைக் கூறுமேயன்றிக் காரணத்தைக் கூறாது. ஒரு கோப்பு திறக்கப்படவில்லை என்ற செய்தி முதலில் வந்திருக்கும். பிற யாவும் அதன் தொடர்ச்சியாகவே இருக்கும். ஒவ்வொரு செய்தியின் முதல் மூன்று எழுத்துகளும், அதனை அனுப்பிய பகுதி எது என்று தெரிவிக்கின்றன. 'ஐ.இ.எஃப்.' வேலை நிர்வாகத்தையும், 'ஐ.இ.சி.' கோப்புகளைக் கையாளும் பகுதியையும், 'ஐ.ஸி.ஹெச்.' பாதுகாப்பு முறையையும் குறிக்கும். கடைசி எழுத்து 'ஐ' ஆயின் அது தகவல்; 'ஏ' ஆயின் உடனே செயல் தேவை.

மீண்டும் ஓட்டுமுன்

காரணம் தெரிந்த பின்பும் வேலையை உடனே ஓட்டலாகாது. கீழ்க்கண்ட மூன்று கேள்விகளுக்கு விடை தேவை.

1. முறிந்த படி, முறிவதற்கு முன் எந்தக் கோப்பையாவது மாற்றிவிட்டதா? 'மாட்' என்னும் முறையில் திறந்த கோப்பில் பதிவுகள் இறுதியில் சேர்க்கப்படும். படியை மறுபடி ஓட்டினால் அதே பதிவுகள் இரண்டாம் முறையும் சேரும். ஒரே சம்பளம் இருமுறை வரவாகும்.

2. முந்திய ஓட்டத்தில் உண்டான கோப்பு எஞ்சியுள்ளதா? அதே பெயரில் புதுக் கோப்பு ஆக்க முயன்றால் வேலை தொடங்கும்போதே நிற்கலாம். சில அமைப்புகளில் நிலைமை இதனினும் மோசம்: படி 0 என்ற குறியெண்ணுடன் முடியும், ஆனால் புதுக் கோப்பு பட்டியலில் ஏறாது, அடுத்த படி பழைய கோப்பையே படிக்கும்.

3. எந்தப் படியிலிருந்து தொடங்க வேண்டும்? முந்திய படிகள் விட்டுச் சென்ற தற்காலிகக் கோப்புகள் வேலை முடிந்ததும் மறைந்திருக்கும். அவற்றை நம்பியுள்ள படியிலிருந்து தொடங்க இயலாது.

ரெக்ஸ் மொழியில் எழுதுவோருக்கு

ஒரே வகைச் சோதனையை நாள்தோறும் செய்யும் நிர்வாகிகள் அதனைக் கட்டளைத் தொடராக எழுதி வைப்பர். இதற்குப் பெரிதும் பயன்படுவது ரெக்ஸ் மொழி. ஐ.பி.எம். கம்பெனியின் பிரிட்டிஷ் நிபுணர் மைக் கௌலிஷா 1979ஆம் ஆண்டில் இதனை உருவாக்கத் தொடங்கினார். படிக்க எளிதான இம்மொழியில் மூன்று இடங்களில் எச்சரிக்கை தேவை.

முதலாவது, மதிப்பு அளிக்கப்படாத மாறியைப் பொறி பிழையாகக் கருதுவதில்லை. அம்மாறியின் பெயரையே பெரிய எழுத்தில் அதன் மதிப்பாகக் கொள்கிறது. பெயரில் ஓர் எழுத்து பிசகினால், கோப்பின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மாறியின் பெயர் சென்றுவிடும். தொடரின் தொடக்கத்திலேயே 'சிக்னல் ஆன் நோவேல்யூ' என்று எழுதிவிட்டால் இப்பிழை உடனே பிடிபடும்.

இரண்டாவது, கணக்கீடு வழக்கமாக ஒன்பது இலக்கத் துல்லியத்துடன் மட்டுமே நடைபெறும். பத்து இலக்கத் தொகையைக் கூட்டினால் கடைசி இலக்கம் சுருக்கப்படும். பெருந்தொகைகளைக் கையாளுமுன் 'நியூமெரிக் டிஜிட்ஸ்' கட்டளையால் துல்லியத்தை உயர்த்திக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, ஆட்சி முறைக்கு அனுப்பும் ஒவ்வொரு கட்டளைக்குப் பின்னும் 'ஆர்.சி.' என்ற மாறியில் குறியெண் வந்து சேரும். அதனைச் சோதிக்காமல் அடுத்த கட்டளைக்குச் செல்லலாகாது. பிரதி எடுப்பது தோல்வியுற்றது தெரியாமல் மூலக் கோப்பை அழித்துவிடும் தொடர், இல்லாதிருப்பதே மேல்.

பிரிட்டனில் நிகழ்ந்தது

2012ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் தேதி, பிரிட்டனில் ராயல் பாங்க் ஆஃப் ஸ்காட்லாந்து குழுமத்தில், இரவு வேலைகளை வரிசைப்படுத்தும் மென்பொருளின் புதிய பதிப்பு நிறுவப்பட்டது. அதில் கோளாறு தென்படவே, பதிப்பை அகற்றிப் பழையதற்குத் திரும்ப முடிவு செய்தார்கள். அவ்வாறு அகற்றுவதால் என்ன நேரும் என்று முன்னதாகச் சோதிக்கவில்லை. புதிய பதிப்பு பழைய பதிப்புடன் பொருந்தாதது என்பதையும் அறிந்திருக்கவில்லை. இரவு வேலைகள் குலைந்தன. 65 லட்சத்துக்கு மேற்பட்ட வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டனர். இருப்புத் தொகைகள் தவறாகக் காட்டப்பட்டன. வெளிநாடு சென்றிருந்த சிலருக்குக் கைப்பணம் கிடைக்கவில்லை. சில ஸ்தாபனங்கள் தம் ஊழியர்களுக்குச் சம்பளம் வழங்க இயலவில்லை. 2014 நவம்பரில் இரு கண்காணிப்பு அமைப்புகள் முறையே 4 கோடியே 20 லட்சம் பவுனும், 1 கோடியே 40 லட்சம் பவுனும் அபராதம் விதித்தன.

முதற் கோளாற்றைவிட, அதனைத் திருத்தச் செய்த சோதிக்கப்படாத செயலே பெருந்தீங்கு விளைத்தது என்பது இங்குக் கவனிக்கத்தக்கது. ஆகவே ஒவ்வொரு பணியிடத்திலும் ஒரு குறிப்பேடு இருத்தல் வேண்டும். நின்ற வேலை, படி, குறியீடு, முதற் செய்தி, கண்ட காரணம், செய்த திருத்தம் ஆகிய ஆறும் அதில் தேதியுடன் எழுதப்பட வேண்டும். இதே குறிப்பேட்டை ஆசிரியர்கள் மாணவர்களுக்கான பயிற்சியாகவும் கொள்ளலாம். குறியீட்டையும் முதற் செய்தியையும் மட்டும் காட்டிக் காரணத்தை ஊகிக்கச் செய்து, பின்னர் பதிவு செய்த விடையுடன் ஒப்பிடலாம். நடு இரவில் தனியாகப் பொறி முன் நிற்கும் புதிய ஊழியருக்கும் இக்குறிப்பேடு கைகொடுக்கும்.