இணையத்தில் படி சேமிக்கும் நெறி

சிங்கப்பூரில் இருக்கும் ஒருவர், ஸான்பிரான்சிஸ்கோ நகரக் கணினியொன்றில் உள்ள பக்கத்தைக் கேட்கிறார் என்று கொள்வோம். இடைத்தொலைவு 13,000 கிலோமீட்டருக்கு மேற்பட்டது. கண்ணாடி இழையினுள் ஒளி, விநாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டரே செல்லும். ஆகவே, ஒருமுறை போய்த் திரும்பவே 0.13 விநாடிக்குக் குறையாது. ஒரு பக்கத்தை முற்றும் காட்டப் பல முறை போய்வர நேர்வதால், காத்திருப்பு பெருகுகிறது.

இக்குறையை நீக்க எழுந்ததே உள்ளடக்க வழங்கு வலையமைப்பு. மூலக் கணினியில் உள்ளவற்றின் படிகளைப் பல நகரங்களின் இடைக்கணினிகளில் வைத்து, அருகிலிருந்தே வழங்குவது இதன் தொழில். டாம் லெய்ட்டனும் டேனியல் லெவினும் பிறரும் 1998-இல் அமெரிக்காவில் நிறுவிய அகமாய் இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று.

ஆயின், படி வைத்தால் மட்டும் போதுமா? மூலம் மாறிய பின்னும் படி மாறாதிருப்பின், பழையதே புதியதாகப் பரவும். எனவே எதைச் சேமிப்பது, எத்துணைக் காலம் சேமிப்பது, யாருக்கு வழங்குவது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை வேண்டும். மூலக் கணினி அவ்விடையைக் 'கேஷ்-கண்ட்ரோல்' என்னும் குறிப்பில் அனுப்புகிறது.

அக்குறிப்பில் வரும் சொற்கள் சிலவற்றைக் காண்போம். 'மேக்ஸ்-ஏஜ்' என்பது படியின் ஆயுளை விநாடிக் கணக்கில் வரையறுப்பது. 3600 எனின் ஒரு மணி நேரம், 86400 எனின் ஒரு நாள். 'எஸ்-மேக்ஸேஜ்' பொது இடைக்கணினிகளுக்கு மட்டும் உரிய ஆயுள். 'பிரைவேட்' எனின், படி கேட்டவருடைய உலாவியில் தங்கலாம். பொதுக் கணினியில் தங்கலாகாது. 'நோ-ஸ்டோர்' எனின் எங்கும் சேமிக்கலாகாது. 'நோ-கேஷ்' என்பதற்கும் இதுவே பொருள் எனப் பலர் மயங்குவர். அது பொருந்தாது. சேமிக்கலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் மூலத்தைக் கேட்டுச் சரிபார்த்த பின்னரே வழங்கவேண்டும் என்பதே அதன் பொருள்.

இனி நடைமுறை. படம் மாறுந்தோறும் கோப்பின் பெயரையும் மாற்றுவோமாயின், அதற்கு ஓராண்டு ஆயுள் கொடுப்பினும் கேடில்லை. அடிக்கடி மாறும் செய்திப் பக்கத்திற்குச் சில விநாடியோ சில நிமிடமோ போதும். ஒருவருடைய கணக்கு, முகவரி, கட்டண விவரம் முதலியவற்றைக் காட்டும் பக்கம் பொதுப்படியாதல் கூடவே கூடாது.

இவ்வேறுபாட்டை மறந்ததன் விளைவு 2015 டிசம்பர் 25-ஆம் நாள் தெரிந்தது. ஸ்டீம் என்னும் விளையாட்டு விற்பனைத் தளத்தின்மீது பொய்க்கோரிக்கைகள் வெள்ளமெனப் பாய்ந்தன. அதனைத் தாங்கும்பொருட்டுப் புகுத்தப்பெற்ற சேமிப்பு விதிகளுள் ஒன்று, உள்நுழைந்தோர்க்கே உரிய பக்கங்களையும் பொதுப்படியாக்கிவிட்டது. ஒருவர் பக்கத்தை மற்றொருவர் கண்டார். ஏறத்தாழ 34,000 பேருடைய விவரங்கள் அவ்வாறு வெளிப்பட்டிருக்கலாம் என அதன் உரிமையாளரான வால்வ் நிறுவனம் பின்னர் அறிவித்தது. தவறான படியை நீக்கக் கட்டளை உண்டு. பிறர் கண்டுவிட்டதை மறைக்கக் கட்டளை இல்லை. ஆதலின் ஐயம் எழும் பக்கத்தைச் சேமியாது விடுதலே நன்று.