ஐந்நூற்றோராவது யூனிட்

ஓடைப்பட்டிக்காரர்களுக்கு வெயிலைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, பந்தல் போட்டு விதையில்லாத் திராட்சையைப் படரவிடுகிறவர்களுக்கு, இலைமேல் விழும் வெயில்தான் பழத்தில் இனிப்பாக இறங்குகிறது என்பது தெரியும். ஆனால் ஊருக்குள் எந்த வீட்டு மாடியில் சோலார் பலகை ஏறும், எதில் ஏறாது என்பதை மாடிக்குப் போகாமலே ஊகித்துவிடலாம். மீட்டர் பக்கத்தில் தொங்கும் ஈபி அட்டையைப் பார்த்தால் போதும்.

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங். 2016-லிருந்து எல்லா வீட்டுக்கும் முதல் 100 யூனிட் இலவசம். 2022 செப்டம்பர் கட்டணப்படி 250 யூனிட் ஓடிய வீட்டுக்கு பில் 450 ரூபாய். 800 யூனிட் ஓடிய வீட்டுக்கு 4,550. யூனிட் மூன்று மடங்கு சொச்சம். பில்லோ பத்து மடங்கு. 500-ஐத் தாண்டினால் கணக்குப் போடும் முறையே மாறிவிடும்: 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய், 501-க்கு 1,958. அந்த ஒற்றை யூனிட்டின் விலை 233 ரூபாய்! பிறகு கட்டணம் கொஞ்சம் ஏறியிருக்கிறது, படிக்கட்டு அதேதான்.

ஒரு கிலோவாட் பேனல் நம் வெயிலுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும். மூன்று கிலோவாட் என்றால் இரண்டு மாதத்தில் 720. கிலோவாட்டுக்குத் தோராயமாக 60,000 என்று வைத்தால் செலவு 1.80 லட்சம். 2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் இதற்கு மானியம் 78,000. கைக்காசு ஒரு லட்சம் சொச்சம். 800 யூனிட் வீட்டில், பேனல் தந்த யூனிட்டை ஓடிய யூனிட்டிலிருந்து கழிக்கும் நெட் மீட்டர் வைத்தால் பில்லில் மிஞ்சுவது 80 யூனிட். அதுவும் இலவசத்துக்குள் அடங்கிவிடும். சில்லறைக் கட்டணங்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் ஆண்டுக்கு 27,300 ரூபாய் மிச்சம், நாலு வருஷத்தில் போட்ட காசு வந்துவிடும். 250 யூனிட் வீட்டுக்கு ஒரு கிலோவாட் போதும். 30,000 மானியம் போக கைக்காசு 30,000. ஆண்டு மிச்சம் 2,700. போட்டதை எடுக்க பதினோரு வருஷம். நூறு யூனிட்டுக்குள் ஓட்டுகிற வீட்டுக்கு என்றைக்குமே வராது.

டெல்லியிலுள்ள சிஇஇடபிள்யூ ஆய்வு நிறுவனம் 2023-ல் இந்திய வீட்டுக் கூரைகளைக் கணக்கிட்டு 637 கிகாவாட் வரை போடலாம் என்றது. அந்த வீடுகளில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று பார்த்ததும் அது 118 ஆகச் சுருங்கியது. பெரும்பாலான வீடுகள் கீழ்ப்படியில்தானே நிற்கின்றன.

அமெரிக்காவில் இதையே வருமானத்தை வைத்துப் பார்க்கிறார்கள். லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தின் கணக்கில் 2021-ல் சோலார் போட்ட வீடுகளின் இடைநிலை வருமானம் 1,10,000 டாலர். மொத்த வீடுகளுக்கு 63,000. பணக்காரர் சமாச்சாரம் என்று இதோடு மூடிவைத்துவிடலாம்தான். ஆனால் சொந்த வீட்டில் குடியிருப்பவர்களை மட்டும் எடுத்தால் 79,000. ஆக, இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கு, கூரை யாருடையது என்பதிலேயே போய்விடுகிறது. வருமானம் மட்டுமே விஷயமும் இல்லை. 2019-ல் டெபோரா சண்டர் குழுவினர், வருமானம் சமமாக இருந்தும் கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதிகளில் சோலார் 69 சதவீதம் குறைவு என்று காட்டினார்கள். கலிஃபோர்னியாவை ஆராய்ந்த பொலிஞ்சரும் கில்லிங்கமும் 2012-லேயே சொன்னதையும் சேர்த்துப் பார்க்கலாம்: பக்கத்து வீட்டு மாடியைப் பார்த்து அடுத்த மாடியிலும் பேனல் ஏறுகிறது. முதல் பேனல் எந்தத் தெருவுக்கு வந்தது என்பது அதனால்தான் முக்கியம்.

நம்மூரில் இது ஒருமுறை தலைகீழாகவே நடந்தது. 2011-ல் தொடங்கிய முதலமைச்சரின் பசுமை வீடுகள் திட்டத்தில், கிராமத்து ஏழைகளுக்கு 300 சதுர அடியில் வீடு. தொடக்கத்தில் ஒரு வீட்டுக்கு 1.80 லட்சம் ரூபாய். மாடியில் சிறு பேனல், உள்ளே பாட்டரி. படுக்கையறை, கூடம், அடுப்படி, கழிப்பறை, வராண்டா என்று ஐந்து விளக்கு. மாடிவீட்டுக்காரர் பலர் சோலாரைப் பற்றி யோசிக்கும் முன்பே ஏழையின் கூரைக்கு அது வந்துவிட்டது. பணம் படைத்தவர்தான் முதலில் வாங்குவார் என்பது இயற்கை விதியல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஒரு கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி இடம் வேண்டும். அப்படியானால் அந்த 300 சதுர அடிக் கூரை சரியாக மூன்று கிலோவாட் கூரை! அன்று முழு வீடு கட்டிய காசுக்கு இன்று அதன்மேல் பேனல் போடலாம். போட்டால் ஆண்டுக்கு நாலாயிரம் யூனிட்டுக்கு மேல் கிடைக்கும். ஆனால் விளக்கும் ஃபேனும் டிவியும் மட்டுமே ஓடும் வீட்டுக்கு அவ்வளவு எதற்கு?

வாடகை வீட்டுக்காரர் கதை வேறு. மாடியில் துணி காயப்போடவே ஓனர் முகத்தைப் பார்க்கிறவர், பேனல் மாட்ட யாரைக் கேட்பார்? சொந்த வீடு இருந்தும் ஈபி சர்வீஸ் செத்துப்போன தாத்தா பேரில் கிடந்தால், பேர் மாற்றப் பங்காளிகள் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி முடிப்பதற்குள் ஆர்வம் வடிந்துவிடும்.

கூரை ஓரிடம், பில் வேறிடம் என்று இரண்டையும் பிரிக்க வழி இருக்கிறது. டெல்லியில் 2019-ல் மெய்நிகர் நெட் மீட்டருக்கு விதி போட்டார்கள். பொதுவான ஒரு கூரையில் விளையும் யூனிட்டைப் பங்கு போட்டு, வேறு வேறு வீடுகளின் பில்லில் கழித்துக்கொள்ளலாம். ஓடைப்பட்டியில் அதை யோசிப்பவர்கள் பள்ளிக்கூட மாடியிலிருந்து ஆரம்பிக்கலாம். கோடை விடுமுறையில், வெயில் உச்சத்தில் இருக்கையில், அங்கே ஒரு ஃபேன்கூடச் சுற்றுவதில்லை.