'ஸ்டிரிக்ட்' என்றால் எவ்வளவு இறுக்கம்?

இங்கிலீஷிலிருந்து நம் வீட்டுப் பேச்சில் குடிபுகுந்த சொற்களுள் 'ஸ்டிரிக்ட்' என்பது ஒன்று. "ஹெட்மாஸ்டர் வெகு ஸ்டிரிக்ட்", "டாக்டர் ஸ்டிரிக்டாகப் பத்தியம் சொல்லிவிட்டார்" என்று இங்கிலீஷ் எழுத்தே அறியாத பாட்டிமார்களும் தாராளமாய்ச் சொல்லுகிறார்கள். கண்டிப்பு என்று அதற்குப் பொருள் கொண்டு நாமும் மேலே போய்விடுகிறோம். ஆனால் திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில், ராதாபுரம் தாலுக்காவைச் சேர்ந்த கூடங்குளத்து ஜனங்களுக்கு இச்சொல்லின் பொருள் அகராதி சம்பந்தமான விஷயம் மட்டுமன்று. அஃது எவ்வாறு என்பதைச் சற்று விசாரிப்போம்.

லத்தீன் மொழியில் 'ஸ்ட்ரிங்கெரே' என்று ஒரு வினை உண்டு. இழுத்துக் கட்டுதல், இறுக்குதல் என்பது அதன் பொருள். அவ்விதம் இறுக்கப்பட்டதே 'ஸ்டிரிக்ட்'. 'ஸ்டிரிஞ்செண்ட்', 'ரெஸ்டிரிக்ட்', 'ஸ்ட்ரெயின்' ஆகியவையெல்லாம் அதே தாயின் மக்கள். கடல் இரு கரைக்கு நடுவே இறுகிக் குறுகும் இடத்திற்கு 'ஸ்ட்ரெயிட்' என்று பெயர் வந்ததும் இதனாலேதான். 1763 முதல் 1767 வரையில் சென்னையில் கவர்னராயிருந்த ராபர்ட் பாக் துரையின் பெயரைத் தாங்கி நிற்கும் நமது பாக் ஜலசந்தியும் ஆகவே இக்குடும்பத்து உறவுதான். கயிற்றைக் குறிக்கும் 'ஸ்ட்ரிங்' என்பதும் உடன்பிறப்பைப் போல் தோன்றும். ஆனால் அது ஜெர்மானியக் கிளையிலிருந்து வந்த வேறு சொல்.

இக்குடும்பத்தில் நம் நாட்டாருக்கு மிகவும் பழக்கமான பிள்ளை 'டிஸ்டிரிக்ட்'. ஐரோப்பாவில் இடைக்காலத்துப் பிரபுக்கள், பாக்கி செலுத்தாத குடிகளின் பண்டங்களைப் பற்றிக்கொண்டு நெருக்கும் அதிகாரம் பெற்றிருந்தார்கள். அந்தப் பிடி எவ்வளவு தூரம் செல்லுமோ அவ்வளவு நிலப்பரப்பே டிஸ்டிரிக்ட். அரபு மொழியில் விலா எலும்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து ஜில்லா வந்தது; மாவட்டம் என்றால் பெருவட்டம். இவ்விரண்டிலும் இல்லாத உண்மை இங்கிலீஷ்ச் சொல்லில் ஒளிந்து கிடக்கிறது! சென்னை ராஜதானியில் 1864-ஆம் வருஷத்து வரிவசூல் சட்டத்தின்படி, கிஸ்தி கட்டாத குடியானவன் வீட்டு அண்டா குண்டாக்களை ஜப்தி செய்தார்களே, அந்த ஜப்திக்கும் இங்கிலீஷில் 'டிஸ்டிரஸ்' என்று பெயர் உண்டு. மனத்துயரத்திற்கும் அதே பெயர்தான். சொல்லை ஆக்கியவர்கள் அனுபவசாலிகள் என்பதில் ஐயமில்லை.

நம் 'கண்டிப்பு' வேறு வழியில் வந்தது. கண்டித்தல் என்றால் துண்டித்தல். இங்கிலீஷ்காரர் கட்டுகிறார், நாம் வெட்டுகிறோம். வெட்டியபின் அப்பேச்சில் மிச்சமிராது. ஆதலால்தான் 'கண்டிப்பாய் வருகிறேன்' என்றால் நிச்சயமாய் வருகிறேன் என்று பொருளாகிறது. கட்டோ அப்படியன்று. எவ்வளவு இறுக்கினாலும் முடிச்சு ஒன்று இருக்கும். முடிச்சு இருந்தால் அவிழ்க்கவும் இடம் இருக்கும். இந்த வித்தியாசத்தை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

இனி நியாயஸ்தலத்திற்குள் புகுவோம். இங்கிலாந்தில் லங்காஷயரில் ரைலண்ட்ஸ் என்ற ஆலை முதலாளி தமது ஆலைக்காக ஒரு நீர்த்தேக்கம் வெட்டுவித்தார். 1860-ஆம் வருஷம் டிசம்பரில் அதில் நீர் நிரப்பியதும், அடியில் மூடாமற் கிடந்த பழைய சுரங்க வழிகளின் மூலமாய் வெள்ளம் பாய்ந்து, அண்டையிலிருந்த பிளெட்சர் என்பவருடைய நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்துவிட்டது. ரைலண்ட்ஸின் பேரில் அசிரத்தைக் குற்றம் ஏதும் இல்லை. ஆயினும், தப்பி வெளிப்பட்டால் தீங்கு செய்யக்கூடிய பொருளைத் தன் நிலத்தில் கொணர்ந்து சேர்ப்பவன், பிழை செய்யாவிட்டாலும் நஷ்டத்திற்குப் பொறுப்பாளி என்று 1868-இல் பிரபுக்கள் சபை முடிவு செய்தது. பிழை பாராத இப்பொறுப்பைச் சிலர் 'அப்ஸொல்யூட்', அதாவது பூரணமானது, என்று சொல்லிவந்தார்கள். விதிவிலக்குகள் இத்தனை இருக்கையில் பூரணம் என்பது பொருந்தாது, 'ஸ்டிரிக்ட்' என்பதே தகும் என்று 1926-இல் வின்ஃபீல்டு என்ற சட்ட ஆசிரியர் வாதித்தார். அப்பெயரே நிலைத்தது.

குளம் உடைந்து பிறந்த அந்த விதி, குளங்கள் நிறைந்த நம் நாட்டுக்கு வந்தபோது என்ன ஆயிற்று? கார்வேட்டிநகர் ஜமீனில் இரண்டு ஏரிகள் உடைந்து ரயில் பாதையைச் சேதப்படுத்தின. மதராஸ் ரயில்வே கம்பெனியார் ஜமீன்தார்மீது வழக்காடினர். 1874-இல் பிரிவி கவுன்ஸில் கம்பெனிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. இத்தேசத்தில் ஏரிகள் ஒருவன் லாபத்திற்காக வெட்டியவை அல்ல. ஊர் வாழ்வதற்காகப் பண்டைக்காலம் முதல் இருந்துவருபவை. ஜமீன்தார் நினைத்தாலும் அவற்றைத் தூர்க்க முடியாது, காப்பதே அவர் கடமை. ஆகவே இங்கிலாந்து விதி இங்கே செல்லாது என்றனர். வடக்கே ஏரி என்பதைத் திருநெல்வேலியார் குளம் என்பர். மடையும் மறுகாலுமாகக் குளத்தை நம்பி வாழும் அந்தச் சீமையாருக்கு இத்தீர்ப்பின் நியாயத்தை விளக்கவே வேண்டியதில்லை. ஊருக்காக ஊரே காக்கும் பொருள் வேறு. ஒரு ஸ்தாபனம் கொணர்ந்து வைக்கும் பொருள் வேறு.

பெயரில் குளம் தாங்கிய கூடங்குளத்திற்கு வந்து சேர்ந்த பொருளோ நீரன்று, அணு உலை. 1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் செய்த உடன்படிக்கையின் பயனாய், 2002-இல் வேலை தொடங்கி, தலா ஆயிரம் மெகாவாட் சக்தியுள்ள உலைகளில் முதலாவது 2013-இலும் இரண்டாவது 2016-இலும் இயங்கலாயின. இதற்கிடையில் 1986-இல், டெல்லி ஸ்ரீராம் தொழிற்சாலை வாயுக்கசிவு வழக்கில், அபாயத் தொழில் நடத்துவோருக்கு ஸ்டிரிக்ட் பொறுப்புப் போதாது, விலக்கே இல்லாத பூரணப் பொறுப்பு வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் சொல்லியிருந்தது. போபால் நாசம் நேர்ந்து இரண்டு வருஷமே ஆகியிருந்த சமயம் அது.

2010-இல் பார்லிமெண்ட் அணு விபத்து நஷ்ட ஈட்டுச் சட்டம் இயற்றியபோது அதில் இடம் பெற்ற சொல் யாது? 'ஸ்டிரிக்ட்' என்பதே. பாதிக்கப்பட்டவன் நிலையத்தாரின் பிழையை நிரூபிக்க வேண்டாம் என்றது சட்டம். அது பெரிய அனுகூலந்தான். ஆனால் முடிச்சும் உடன் வந்தது. யுத்தம் முதலியவற்றாலும், அசாதாரணமான பெரும் இயற்கை உற்பாதத்தாலும் நேரும் சேதத்திற்கு நிலையத்தார் பொறுப்பில்லை. பெரிய உலைகளை நடத்துவோர் பொறுப்பும் 1500 கோடி ரூபாயோடு நின்றது. சொல்லையே பழிப்பது நியாயமாகாது: 1963-இன் வியன்னா உடன்படிக்கை பூரணம் என்ற சொல்லை ஆண்டும் யுத்தத்திற்கு விலக்களித்தது. ஆகவே சொல்லைக் காட்டிலும் முடிச்சைத்தான் பார்க்க வேண்டும் என்பது நம் அபிப்பிராயம்.

2011 மார்ச்சில் ஜப்பானில் புக்குஷிமா உலைகள் கடல் பொங்கிக் கெட்டன. அதைக் கண்டு இடிந்தகரைக் கடற்கரையில் ஜனங்கள் மாதக்கணக்காய் உபவாசமிருந்தார்கள். 2013 மே மாதம் சுப்ரீம் கோர்ட் பதினைந்து நிபந்தனைகள் விதித்து நிலையத்திற்கு அனுமதியளித்தது. ஜப்பானியச் சட்டத்தில் பொறுப்புக்குத் தொகை வரம்பு கிடையாது. ஆனால் பெரும் இயற்கை உற்பாதம் என்ற விலக்கு அங்கேயும் உண்டு. அவ்வளவு பெரிய அலை வந்தும் அந்நாட்டு அரசாங்கம் அவ்விலக்கைக் கம்பெனிக்கு அளிக்கவில்லை. கம்பெனியார் இதுவரையில் கொடுத்த நஷ்ட ஈடு பத்து லட்சம் கோடி யென்னுக்கு மேல்.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி பொங்கிய அலை திருநெல்வேலிக் கடற்கரையையும் தொட்டுச் சென்றது. ஒரு முறை வந்த அலை மறுமுறை வந்தால் அதை அசாதாரணம் என்பதா, எதிர்பார்த்திருக்க வேண்டியது என்பதா? 2010-ஆம் வருஷத்துச் சட்டத்தின் எந்தப் பிரிவிலும் அலைக்கு அளவு குறிக்கப்படவில்லை.