ஏர்கன் மேகசினில் குண்டு நிரப்ப ஒரு கருவி: கம்ப்யூட்டரில் நாமே வடிவமைக்கலாம்

ஏர்கன் வைத்துக் குறி பார்த்துப் பழகுவோர் பலரும் சலித்துக் கொள்ளும் வேலை ஒன்று உண்டு. மேகசினில் ஈயக் குண்டுகளை ஒவ்வொன்றாக நிரப்புவதுதான் அது. 4.5 மி.மீ. குண்டு விரலில் நிற்காது. நழுவிக் கீழே விழும், தலைகீழாகப் போகும், அவசரத்தில் அழுத்தினால் நசுங்கும். இதற்கு இலவச புரோகிராம் ஒன்றையும் 3டி பிரிண்டரையும் கொண்டு ஒரு கருவி செய்திடலாம். எப்படி என்று பார்க்கலாம்.

மேகசின் யாருக்கு?

ஒலிம்பிக் 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் மேகசின் கிடையாது. தகுதிச் சுற்றில் 75 நிமிடத்தில் 60 குண்டுகளையும் ஒவ்வொன்றாகவே போட்டுச் சுட வேண்டும். எங்கள் கடலூரில் 1999ல் பிறந்து, 2019ல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்ற இளவேனில் வாலறிவன் சுடுவதும் இப்படித்தான். காற்றை முன்கூட்டியே அடைத்து வைக்கும் பி.சி.பி. வகை ஏர்கன்கள் பலவற்றில்தான் சுழலும் மேகசின் வருகிறது. நெய்வேலிக்காரர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். சுரங்கத்தில் மண்ணை வெட்டும் ராட்சத இயந்திரத்தின் சக்கரத்தைச் சுற்றி வாளிகள் இருக்கும் அல்லவா? அதுபோல ஒரு சிறு உருளையைச் சுற்றித் துளைகள். துளைக்கு ஒரு குண்டு.

குண்டின் வடிவம்

இந்தக் குண்டு உருண்டை அல்ல. முன்பக்கம் கனமான தலை, நடுவில் ஒடுங்கிய இடுப்பு, பின்பக்கம் பாவாடை போல விரிந்து உள்ளே குழிவாக இருக்கும். சுடும்போது காற்று இந்தப் பாவாடையை விரித்துக் குழலோடு ஒட்ட வைக்கிறது. பாவாடை ஒரு பக்கம் நசுங்கியிருந்தால் காற்று கசியும்; குண்டு குறி தவறும். ஏர் ரைபிள் இலக்கில் 10 மதிப்பெண் புள்ளியின் விட்டமே 0.5 மி.மீ.தான். எனவே நம் கருவி வேகமாக நிரப்பினால் மட்டும் போதாது, குண்டை நசுக்கவும் கூடாது.

எளிய வழி: பால்பாயிண்ட் பேனா

தீர்ந்துபோன பேனாவின் குழாயை எடுத்துக் கொள்ளுங்கள். உள்விட்டம் பாவாடையை விடச் சற்றே பெரிதாக இருக்க வேண்டும். குண்டுகளைத் தலை முன்னே இருக்கும்படி வரிசையாகப் போட்டு, பின்னாலிருந்து ரீபிள் குழாயால் மெல்லத் தள்ளினால் ஒவ்வொன்றாக வெளிவரும். ஒரு நேரத்தில் ஒரு துளை மட்டுமே தெரியும்படி மூடியுள்ள மேகசின்களுக்கு இதுவே ஏற்றது. ஆனால் வேகமாகத் தள்ளினால் ஒரே துளையில் இரண்டு குண்டுகள் போகலாம். கவனம் தேவை.

தட்டு முறை

மூடி இல்லாத உருளைகளுக்கு மொத்தமாக நிரப்பும் கருவி செய்திடலாம். இதற்கு மூன்று பாகங்கள். அடியில் உருளை உட்காரும் கிண்ணம். அதன் மேல் 1 மி.மீ. தடிமனில், துளைகள் கொண்ட கதவுத் தகடு. அதன் மேல் அதே போன்ற துளைகளுடன் மேல்தட்டு. கதவைத் திருப்ப, கிண்ணத்தின் சுவரில் ஒரு வெட்டு வைத்து, அதன் வழியே கைப்பிடியை வெளியே நீட்டி விடுங்கள்.

மேல்தட்டின் தடிமன் குண்டின் நீளத்தை விடச் சற்றுக் குறைவாக இருக்கட்டும். அப்போதுதான் ஒரு துளையில் இரண்டாவது குண்டு இறங்காது. குண்டுகளைக் கொட்டி, மெல்லக் குலுக்கி, மிச்சத்தைத் தள்ளி விடுங்கள். மேலிருந்து பார்த்தால் சரியாக விழுந்த குண்டில் குழிவு தெரியும். குழிவு தெரியாதது தலைகீழ். அதை எடுத்துத் திருப்பிப் போடுங்கள். பின்னர் கதவைத் திருப்பினால் எல்லாம் ஒன்றாக உருளைக்குள் இறங்கும். கடைசியாக மூங்கில் குச்சியால் ஒவ்வொன்றையும் லேசாக அழுத்தவும்.

அளவுகள்

ஓபன்எஸ்கேட் என்ற இலவச புரோகிராமை டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடுங்கள். இதில் மவுஸால் வரைவதற்குப் பதில் கட்டளைகளை எழுதுகிறோம். சிலிண்டர் கட்டளையால் தட்டு; டிஃபரன்ஸ் கட்டளையால் அதிலிருந்து துளைகளைக் கழித்தல்; ஃபார் லூப்பால் ஒரே துளையைச் சுற்றி வரச் செய்தல். 10 துளை என்றால் 360ஐ 10ஆல் வகுத்து, 36 டிகிரிக்கு ஒன்று.

உதாரணமாக, துளைகளின் மையங்கள் 11 மி.மீ. ஆர வட்டத்தில் இருப்பதாகவும், துளை 5.2 மி.மீ. என்றும் கொள்வோம். அடுத்தடுத்த மையங்களுக்கு இடையே 6.8 மி.மீ. அதில் துளை போக மிஞ்சும் சுவர் 1.6 மி.மீ. கதவை 18 டிகிரி, அதாவது பாதிப் படி, தள்ளி வைத்தால் ஒவ்வொரு குண்டின் அடியிலும் இந்தச் சுவர் வந்து தாங்கும். 0.4 மி.மீ. நாசில் உள்ள பிரிண்டருக்கு இது நான்கு கோடுகளின் அகலம். போதுமானது. உங்கள் உருளையையும் குண்டையும் வெர்னியர் காலிப்பரால் அளந்து எண்களை மாற்றிக் கொள்ளுங்கள்.

துளை ஏன் சிறிதாக வருகிறது?

ஓபன்எஸ்கேட் வட்டத்தை உண்மையான வட்டமாக வரைவதில்லை. பல பக்கங்கள் கொண்ட உருவமாகவே வரைகிறது. நாம் எதுவும் சொல்லாவிட்டால் 5.2 மி.மீ. துளைக்கு 9 பக்கங்கள்தான். அதற்குள் நுழையக்கூடிய குண்டின் விட்டம் 4.89 மி.மீ. மட்டுமே. பக்கங்களின் எண்ணிக்கையை 64 ஆக்கினால் 5.19 மி.மீ. கிடைக்கும். இது போக, உருகிய பிளாஸ்டிக்கும் துளையைக் கொஞ்சம் அடைக்கும். எனவே 5.0, 5.2, 5.4, 5.6 என நான்கு துளைகள் கொண்ட சிறு பட்டையை முதலில் அச்சிட்டு, எதில் குண்டு தாராளமாக இறங்குகிறது என்று சோதியுங்கள்.

எஃப்6 கீயை அழுத்தி ரெண்டர் செய்து, பைல் மெனு வழியாக எஸ்.டி.எல். பைலாக மாற்றுங்கள். அதை க்யூரா போன்ற ஸ்லைசர் புரோகிராமில் திறந்து, 0.2 மி.மீ. அடுக்கில் அச்சிடலாம். சொந்தமாக பிரிண்டர் இல்லையென்றால், அச்சிட்டுத் தருபவர்களிடம் பைலைக் கொடுத்தால் போதும்.

இதை மறக்க வேண்டாம்

குண்டு ஈயம், ஈயம் நஞ்சு. குழந்தைகளுக்கு அதன் தீங்கு அதிகம். சிலர் குண்டுகளை வாயில் அடக்கிக் கொண்டு நிரப்புவார்கள். அது கூடவே கூடாது. தட்டில் சேரும் தூளை ஊதாமல் ஈரத் துணியால் துடைத்து, சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். மேகசினைத் துப்பாக்கியிலிருந்து கழற்றிய பிறகே நிரப்புங்கள். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ.க்கு மேற்பட்ட துளையோ, 20 ஜூலுக்கு மேற்பட்ட சக்தியோ கொண்ட ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டும். அதற்குட்பட்டதும் பொம்மை அல்ல. அட்டை இலக்கும் அதன் பின்னே தடுப்பும் இல்லாத இடத்தில் சுடாதீர்கள். பறவை, அணில் மீது குறி வைக்காதீர்கள்.

இதே தட்டு முறையை பேரிங் குண்டு, மணி, விதை என்று வரிசையாக அடுக்க வேண்டிய எதற்கும் பயன்படுத்தலாம். எண்களை மட்டும் மாற்றினால் போதும். ஈயம் பட்ட தட்டை மட்டும் வேறு எதற்கும் எடுக்க வேண்டாம். புதிதாக ஒன்றை அச்சிட்டுக் கொள்ளுங்கள்.