உஷ்னா: பாறையில் படர்ந்த உயிரை இனங்காணுதல்

மதுரையிலிருந்து மேலூர் செல்லும் சாலையில் யானைமலையைக் காணாமல் எவரும் கடக்க இயலாது. அதன் பாறை முகத்தில் வெண்சாம்பல், மஞ்சள், செம்மஞ்சள் நிறங்களில் திட்டுத்திட்டாக ஒட்டியிருப்பவற்றை வெறும் கறை என்றே பலரும் எண்ணுவர். அவற்றுட் பல உயிருள்ளவை. அறிவியலார் அவற்றை லைக்கன் என்பர்.

இவ்வினம் நமக்குப் புதிதன்று. நம் வீட்டு பிரியாணியில் மணக்கும் கல்பாசியும் ஒரு லைக்கனே. யூனானி மருத்துவர் அதனை உஷ்னா என அழைப்பர். இப்னு சீனா (980–1037) 'அல்கானூன்' என்னும் தம் மருத்துவப் பெருநூலில் உஷ்னாவைக் குறிப்பிடுகிறார். லைக்கன் பேரினம் ஒன்றுக்கு மேலை அறிஞர் வழங்கிய 'உஸ்னியா' என்னும் பெயரும் இவ்வரபுச் சொல்லிலிருந்தே பிறந்தது எனக் கருதப்படுகிறது.

ஆயினும் 'பாசி' என்னும் நம் பெயர் பாதி உண்மையையே உரைக்கிறது. லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் இணைந்து வாழும் கூட்டுடல் என 1867இல் சுவிட்சர்லாந்து அறிஞர் சைமன் ஷ்வெண்டனர் எடுத்துரைத்தார். பூஞ்சை உறைவிடம் தந்து ஈரம் காக்கிறது. பாசி கதிரொளியில் உணவு சமைக்கிறது. ஒரே பாசி பல லைக்கன்களில் குடியிருக்கக்கூடும். ஆகவே லைக்கனுக்கு இடப்படும் அறிவியற் பெயர் அதன் பூஞ்சைக்கே உரியது. உலகில் ஏறத்தாழ 20,000 லைக்கன் இனங்கள் அறியப்பட்டுள்ளன.

இவற்றை இனங்காண்பது எவ்வாறு? அரபுக் கல்லூரிகளில் 'ஈஸாகூஜி' பயின்றோர், ஒரு பொருளின் ஃபஸ்ல் எனப்படும் வேறுபடுத்தும் பண்பையும், அரள் எனப்படும் வந்துபோகும் பண்பையும் பிரித்தறிவர். இங்கும் அதுவே வேண்டும். மழை நனைத்ததும் சாம்பல்நிற லைக்கன் பச்சையாகும். எனவே நிறத்தை மட்டும் நம்பலாகாது. முதலில் வடிவம் நோக்குவர்: பாறையோடு ஒன்றிய ஓட்டு வகை, இலை வகை, புதர் வகை. ஆனால் வடிவ ஒற்றுமை உறவுமுறைக்குச் சான்றாகாது. அடுத்து வேதிச் சோதனை. இதனை 1866இல் புகுத்தியவர் ஃபின்லாந்தின் வில்லியம் நைலாண்டர். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு துளி பட்டதும் செம்மஞ்சள் லைக்கன்கள் பல கருஞ்சிவப்பாகும். வியப்பு என்னவெனில், இவரே ஷ்வெண்டனரின் கூட்டுடற் கொள்கையை ஏற்க மறுத்தவர்! அதன்பின் நுண்ணோக்கியில் வித்துகளின் அளவும் அறைகளும் ஆராயப்படும். இன்று மரபணு ஆய்வும் துணைசெய்கிறது. பாறையில் நீர் வழிந்த கருங்கோடுகளோ பெரும்பாலும் நீலப்பச்சை நுண்ணுயிர்களின் படிவே; அனைத்தையும் லைக்கன் எனக் கொள்வது பிழை.

இவ்வறிவால் பயன் யாது? ஓட்டு வகை லைக்கன்கள் பல ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுகூட வளர்வதில்லை. உள்ளங்கை அகலத் திட்டு நம் பாட்டனாரினும் மூத்ததாயிருக்கலாம். அதன் பூஞ்சை இழைகள் கல்லின் மணிகளுக்கிடையே ஊடுருவியுள்ளன. மாங்குளம், அரிட்டாபட்டி போன்ற இடங்களில் ஈராயிரம் ஆண்டுத் தமிழிக் கல்வெட்டுகள் உள்ளன. எழுத்தைத் தெளிவாகக் காணும் ஆவலில் கம்பித் தூரிகையால் தேய்ப்பவர் லைக்கனோடு கல்லின் மேற்பரப்பையும் பெயர்த்துவிடுவர்.

2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் சிற்றூர்களின் 193.215 ஹெக்டேர் நிலம் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அந்நிலத்தையும் உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம், மக்கள் எதிர்ப்பால் 2025 சனவரியில் இரத்தாயிற்று. வெட்டிய மரத்திற்கு ஈடாக வேறொன்று நடலாம். பெயர்த்த பாறைக்கு ஈடு இல்லை. கறை என்றழைத்ததைக் காக்க எவரும் முன்வரார். அதன் பெயரை அறிதலே காத்தலின் முதற்படி.