தோட்டத்துப் புல்வெளி – 9: மட்டைப் பிடியில் ஒரு கிராணி

சென்ற வாரம் பை சுமந்த பையன்களோடு, அதாவது கேடிகளோடு, நிறுத்தியிருந்தோம். எம். ராமையா, பி. குணசேகரன், ஆர். நாச்சிமுத்து என்று மலேசியத் தொழில்முறை கோல்பில் ஒரு காலத்தில் தமிழ்ப் பெயர்கள் அத்தனை தெரிந்ததற்குக் கேடி வேலை ஒரு பெரிய காரணம் என்று பார்த்தோம். மைதானத்துக்குள் நுழைய வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அது ஒன்றுதான் வாசல். இந்தியாவிலும் அதே கதைதான். பெங்களூரில் கேடியாகத் தொடங்கிய சி. முனியப்பா 2009இல் இந்தியன் ஓப்பன் கோப்பையையே தூக்கினார்.

நல்ல கேடி பையை மட்டும் சுமப்பதில்லை. பாஸ் ஏழாம் நம்பர் அயனில் எவ்வளவு தூரம் அடிப்பார், காற்று எதிர்த்தால் எவ்வளவு குறையும், கோபம் வந்தால் பந்து எந்தப் பக்கம் போகும் என்று எல்லாக் கணக்கும் அவன் தலைக்குள் இருக்கும். “ஏழு வேண்டாம் பாஸ், ஆறு எடுங்க” என்று மெதுவாகச் சொல்வான். பாஸ் கேட்கமாட்டார். பந்து குளத்தில் விழும். அடுத்த வாரமும் இதே கதை நடக்கும். அந்தக் கணக்கை யாரும் எழுதிவைக்கவில்லை. அதற்குத் தனிச் சம்பளமும் கிடையாது.

இன்று சிறு ஊர்த் திடல்களில் கேடியைப் பார்ப்பது அரிது. சிரம்பானிலிருந்து புக்கிட் புத்துஸ் ஏறி இறங்கினால் கோலா பிலா. அங்கிருந்து ஸ்ரீ மெனாந்தி பக்கம் போனால் நெகிரி செம்பிலான் அரண்மனை வட்டாரத்திலேயே கோல்ப் திடல் உண்டு. சுற்றிலும் பால்மரம், செம்பனை. தோட்டத்தில் பிறந்து, படித்து, ஆசிரியராகவோ குமாஸ்தாவாகவோ ஓய்வு பெற்று, பழைய மட்டைகளை வாங்கி ஞாயிற்றுக்கிழமை ஆடும் நம்மவர்கள் இந்தப் பக்கம் எல்லாத் திடல்களிலும் இருக்கிறார்கள். அப்பா பை சுமந்த ஆட்டத்தை மகன் ஆடுகிறார். அவருக்குக் கணக்குச் சொல்லத்தான் ஆள் இல்லை. அந்த இடத்துக்கு வந்திருப்பதுதான் இந்த வாரத்து விஷயம்: மட்டையில் பொருத்தும் உணரி.

மட்டையின் கைப்பிடி நுனியில் சிறு துளை இருக்கும். பொத்தான் அளவு கருவி ஒன்றை அதில் திருகிவிட வேண்டும். விதிப்படி பைக்குள் அதிகபட்சம் 14 மட்டைகள். ஆகவே 14 உணரிகள். ஒவ்வொன்றும் தான் எந்த மட்டை என்று சொல்லும். சட்டைப் பையில் உள்ள கைப்பேசியோ கைக்கடிகாரமோ, இடுப்பில் மாட்டும் சிறு கருவியோ ஜிபிஎஸ் மூலம் நீங்கள் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளும். மட்டை வீசப்பட்டது, பந்தில் பட்டது என்று தெரிந்ததும் ஒரு புள்ளி. அடுத்த அடி அடிக்கும் இடத்தில் இன்னொரு புள்ளி. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம்தான் முதல் அடியின் தூரம். பந்துக்குள் எதுவும் இல்லை. பந்து பறப்பதை அது பார்ப்பதுமில்லை. நீங்கள் நடந்து போன வழியை வைத்துத்தான் பந்தின் வழியை ஊகிக்கிறது.

2013 வாக்கில் வந்த கேம் கோல்ப் கருவியில் ஒவ்வோர் அடிக்கும் முன் மட்டையின் நுனியை இடுப்புக் கருவியில் தட்ட வேண்டும். கோவில் மணியை அடித்துவிட்டுக் கும்பிடுவதுபோல் சிலருக்கு அது பழகிவிட்டது, பலர் மறந்தார்கள். அமெரிக்காவின் ஆர்க்கோஸ், தட்டாமலே தானாகப் பதியும் உணரியைக் கொண்டுவந்தது. பந்தில் மட்டை படும் சத்தத்தைக் கைப்பேசியின் மைக் வழியாகக் கேட்டுக்கொள்வது அதன் உத்தி. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் தொடங்கிய ஷாட் ஸ்கோப், கைக்கடிகாரத்தை நம்பியது. கார்மின் 2018இல் சேர்ந்துகொண்டது.

இவ்வளவும் சேகரித்து என்ன லாபம்? இங்கேதான் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி வருகிறார். நிதிக் கணக்கில் தேர்ந்தவர், கோல்ப் பைத்தியம். அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளில் ஒவ்வொரு பந்தும் எங்கே விழுந்தது என்று லேசர் கருவியால் அளந்து சேர்த்த விவரங்களை எடுத்து, ஓர் எளிய கேள்வி கேட்டார்: இந்த இடத்திலிருந்து குழியில் பந்தைப் போட ஒரு தொழில்முறை ஆட்டக்காரருக்குச் சராசரியாக எத்தனை அடி ஆகிறது? 400 கஜ ஆட்டக்குழிக்கு டீயிலிருந்து 3.99. பேர்வேயில் 100 கஜ தூரத்திலிருந்து 2.80. அதே 100 கஜம், ஆனால் நீண்ட புல்லில் என்றால் 3.02. கிரீனில் 33 அடி நீளத்திலிருந்து 2. எட்டு அடியிலிருந்து 1.5, அதாவது உலகத்தின் சிறந்த ஆட்டக்காரர்களே அதில் பாதியைத் தவறவிடுகிறார்கள். தொலைக்காட்சி பார்க்கும் நமக்கு எட்டு அடி என்றால் கண்ணை மூடிக்கொண்டு போடுவார்கள் என்ற நினைப்பு.

இப்போது ஒரு குழியைக் கணக்குப் போடுவோம். டீயிலிருந்து அடித்த பந்து 100 கஜம் மிச்சம் வைத்து நீண்ட புல்லில் விழுந்தது. 3.99 இருந்த இடத்திலிருந்து 3.02 உள்ள இடத்துக்கு வர ஓர் அடி செலவு, 0.03 நஷ்டம். அடுத்த அடி அற்புதம். கொடியிலிருந்து எட்டு அடியில் நிற்கிறது. 0.52 லாபம். பிறகு இரண்டு பட். 0.50 நஷ்டம். மொத்தம் நான்கு, பார். கூட்டிப் பார்த்தால் சராசரியைவிட 0.01தான் நஷ்டம். ஆனால் காப்பிக் கடையில் ஆடியவர் என்ன சொல்வார்? “எட்டு அடியில விட்டுட்டேன் சார், பட்டர் சரியில்ல.” அன்றைய ஆட்டத்தின் மிக நல்ல அடி எது என்று அவருக்கே தெரியாது.

இந்தக் கணக்கைப் பட் ஆட்டத்துக்கு மட்டும் அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளை நடத்தும் அமைப்பு 2011இல் ஏற்றது. பிராடியின் புத்தகம் 2014இல் வந்தது. டிரைவர் பகட்டுக்கு, பட்டர்தான் பணத்துக்கு என்ற பழைய நம்பிக்கைக்கு அதில் பலத்த அடி. நல்ல ஆட்டக்காரருக்கும் சுமாரான ஆட்டக்காரருக்கும் உள்ள வித்தியாசத்தில் மூன்றில் இரண்டு பங்கு, 100 கஜத்துக்கு அப்பாலிருந்து அடிக்கும் அடிகளில்தான் உருவாகிறது. டைகர் வுட்ஸின் பெரிய ஆயுதமே கிரீனை நோக்கி அடிக்கும் அயன் அடிகள்தான், பட்டர் இல்லை. உணரி விற்பவர்கள் இந்த முறையை எடுத்து, உங்களை உங்கள் ஹேண்டிகேப் அளவு ஆட்டக்காரரோடு ஒப்பிட்டு, எதில் நஷ்டம் என்று ஆட்டம் முடிந்ததும் காட்டுகிறார்கள்.

முதலில் உடைவது தற்பெருமை. ஏழாம் நம்பரில் எவ்வளவு அடிப்பீர்கள் என்று கேட்டால், எப்போதோ ஒரு நாள் காற்று பின்னாலிருந்து தள்ளியபோது போன தூரத்தைத்தான் எல்லாரும் சொல்வார்கள். அந்த நம்பிக்கையில் மட்டையைத் தேர்ந்தெடுத்தால் பந்து கிரீனுக்கு முன்னாலுள்ள பங்கரில் விழாமல் எங்கே விழும்? டிரைவரில் சராசரி ஆண் பொழுதுபோக்கு ஆட்டக்காரர் அடிப்பது 220 கஜத்தை ஒட்டித்தான் என்று இத்தகைய பதிவுகள் காட்டுகின்றன. நம் கிளப்பில் விசாரித்துப் பாருங்கள், 250க்குக் கீழே ஒருவரும் இறங்கமாட்டார். ஒரே ஒரு மட்டை கூடுதலாக எடுப்பது, பயிற்சியே இல்லாமல் கிடைக்கும் முன்னேற்றம். உணரியால் வரும் பலனில் பாதி இதுதான் என்பேன்.

ஆனால் கருவி சொல்வதையெல்லாம் அப்படியே நம்பவும் கூடாது. ஜிபிஎஸ் சில மீட்டர் முன்பின் காட்டும். மரத்தடியில் இன்னும் தடுமாறும். 150 மீட்டர் அடிக்கு அது பெரிதில்லை. கிரீனில் ஒரு மீட்டர் பட்டுக்கும் மூன்று மீட்டர் பட்டுக்கும் உள்ள வித்தியாசம் அதற்குள் மூழ்கிவிடும். குழிக்கு அருகில் நின்று லேசாகத் தட்டிவிடும் அடிகளைச் சில நேரம் அது எண்ணாது. ஒத்திகை வீச்சை அடியாக எண்ணிவிடும். ஆட்டம் முடிந்து மாலையில் உட்கார்ந்து திருத்த வேண்டும். திருத்தப் பொறுமை இல்லாதவருக்குக் கிடைப்பது குப்பைக் கணக்கு.

இன்னொன்று, நம் மண். மலேசியாவில் பல பேர்வேக்களில் அகன்ற இலை மாட்டுப்புல். மழை பெய்து ஊறிய தரையில் பந்து விழுந்த இடத்திலேயே நிற்கும், உருளாது. கோலா பிலாவை அடுத்த ஜெலுபுவை நாட்டிலேயே மழை குறைந்த வட்டாரம் என்பார்கள். அப்படியும் நவம்பரில் அடிக்கும் டிரைவரும் பிப்ரவரியில் அடிக்கும் டிரைவரும் ஒன்றாகாது. இரண்டையும் கலந்து சராசரி எடுத்தால் எந்த மாதத்துக்கும் பொருந்தாத ஓர் எண் வரும். நெகிரி செம்பிலான் திடல்கள் மேடு பள்ளம் நிறைந்தவை. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு அடித்த அடியின் தூரத்தை உங்கள் பலம் என்று நினைத்துவிடாதீர்கள். பல திடல்களில் மீட்டர் கணக்கு. செயலி கஜத்தில் இருந்தால் முதல் நாளே மாற்றிக்கொள்ளுங்கள்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கருவியை எளிதாகப் புரியவைக்கலாம்: இது ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகையில் நின்று கணக்கெழுதிய கிராணி. எத்தனை மரம் வெட்டினேன், எவ்வளவு பால் வடிந்தது என்று தொழிலாளிக்கு ஒரு நினைவு இருக்கும். கிராணி வாளியை நிறுத்து, மெட்ரோலக்கை அமிழ்த்தி, பாலில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்த்து எழுதுவதுதான் சம்பளம். அந்தப் புத்தகம் நிர்வாகத்துடையது. தொழிலாளிக்குப் புரட்டிப் பார்க்க உரிமை கிடையாது. உணரி எழுதும் புத்தகம் உங்களுடையது என்கிறார்கள். முழுக்க அப்படியும் இல்லை. கணக்கெல்லாம் நிறுவனத்தின் கணினியில்தான் கிடக்கிறது. ஆண்டுச் சந்தா கட்டினால்தான் வேலை செய்யும் கருவிகள் உண்டு. ஒரு தடவை வாங்கினால் போதும் என்பவையும் உண்டு. வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை இல்லை, இதுதான்.

இனி விதி. 2019இல் திருத்தப்பட்ட கோல்ப் விதிகளின்படி, தூரத்தை அளக்கும் கருவிக்கு அனுமதி உண்டு. போட்டிக் குழு தனி விதி போட்டுத் தடுத்தால் ஒழிய. பின்னால் பார்ப்பதற்காக அடிகளைப் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் மேடு பள்ளத்தை அளந்து சொல்வதோ, இங்கிருந்து இந்த மட்டையை எடு என்று பந்து கிடக்கும் இடத்தை வைத்து ஆலோசனை சொல்வதோ ஆட்டத்தின்போது கூடாது. மீறினால், அடிக் கணக்கு ஆட்டத்தில் இரண்டு அடி தண்டனை. இரண்டாம் முறை என்றால் வெளியேற்றம். செயலிகளில் இந்த வசதிகளை அணைத்துவைக்க வழி இருக்கிறது. கிளப் போட்டிக்கு முன் அணைத்துவிடுங்கள்.

இதே விதிப் புத்தகம் கேடிக்கு ஆலோசனை சொல்லும் உரிமையைத் தாராளமாகத் தருகிறது. எந்த மட்டை, எந்தப் பக்கம், எவ்வளவு வளைவு என்று அவன் எல்லாம் சொல்லலாம். லட்சக்கணக்கான அடிகளைப் படித்த கணினிக்கு வாய்ப்பூட்டு. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு வந்த கேடிக்கு, உலகப் போட்டியின் கடைசிக் குழியிலும் பேசும் உரிமை. கோல்ப் விதிகளை எழுதியவர்கள் தோட்டத்துப் பையன்களுக்கு ஏதோ செய்துவிட வேண்டும் என்று எழுதவில்லைதான். ஆனாலும் அந்த வாசகத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம்.

கருவி வாங்க வசதி இல்லாதவர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. மதிப்பெண் அட்டையின் ஓரத்தில் ஒவ்வொரு குழிக்கும் மூன்றே விஷயம் எழுதுங்கள்: கிரீனை நோக்கி எந்த மட்டை எடுத்தீர்கள், பந்து கொடிக்கு முன்னால் நின்றதா தாண்டியதா, முதல் பட் எத்தனை காலடி. தூரத்தைக் காலடியால் அளக்கலாம்; பழைய கேடிகள் அப்படித்தான் அளந்தார்கள். இன்றைய உலக ஹேண்டிகேப் முறை உங்கள் கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த 8ஐ எடுத்துச் சராசரி பார்க்கிறது. அதே 20 ஆட்டங்களின் அட்டைகளைச் சேர்த்து வைத்துப் பாருங்கள். கொடிக்கு முன்னாலேயே நின்றவை பாதிக்கு மேல் என்றால், மட்டை மாற்றவோ பயிற்சியாளரைத் தேடவோ முன் ஒரு நம்பர் கூட்டி எடுத்துப் பாருங்கள்.

அடுத்த வாரம்: புக்கிட் ஜாலில் போல, தோட்ட நிலம் கோல்ப் திடலான இடங்களில் லயத்துக்காரர்கள் எங்கே போனார்கள்?

(தொடரும்)